உடம்பை விட்டுப் போயும் கேட்டைத் தாண்டாதவன்

என் உச்சந்தலையில் எவ்வளவு முடி கொட்டியிருக்கிறது என்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது என் பட்டறைக் கூரைக்குப் பக்கத்திலிருந்துதான். கண்ணாடியில் முன்பக்கம் மட்டும் பார்த்துச் சீவிக்கொண்டு கிளம்புகிறவனுக்கு உச்சி எப்படித் தெரியும்? அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு, ஃபேனுக்குக் கீழே ஒருக்களித்துப் படுத்தேன். கண் செருகியது. வார்னிஷ் வாசம் தூரமாகப் போனது. சந்தில் யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்யும் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. கையை அசைக்கப் பார்த்தேன், கை வரவில்லை. நெஞ்சுக்குள் ஓர் உறுமல் கிளம்பியது.

அந்த உறுமல் எனக்குத் தெரியும். காந்திபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் முப்பது வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் நான். மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால் மோட்டார் சுற்றாது, நின்ற இடத்திலேயே உறுமும். அதே சத்தம். அப்புறம் சட்டென்று சத்தம் நின்றது, நான் மேலே இருந்தேன். கீழே ஓர் ஆள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தான். யாரடா இவன், வேலை நேரத்தில் கடைக்குள் வந்து இப்படித் தூங்குகிறான் என்று எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த பிறகுதான் அது நான் என்று தெரிந்தது.

வீட்டில் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் என் மனைவி அமுக்குவான்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தூக்கத்தில் வந்து நெஞ்சின் மேல் உட்காருகிற பேய்க்கு அப்படிப் பெயர். தலைமாட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு இரும்புச் சாவியும் கொடுத்தாள். நாள் முழுக்க இரும்புக்கு நடுவில் கிடக்கிறவனுக்குச் சாவி! டாக்டரிடமும் போனேன். மூளை விழித்துக்கொண்டு உடம்பு விழிக்காமல் கிடப்பது அது, பயப்பட ஒன்றுமில்லை, மத்தியானச் சோற்றைக் குறையுங்கள் என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவரிடமும் மனைவியிடமும் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. கூரைக்குப் பக்கத்தில் மிதந்தபோது எனக்கு வந்த முதல் நினைப்பு, இப்படியே போனால் பெருந்துறைக்குப் போய்விடலாமே என்பதுதான்.

பெருந்துறையில் என் மகள் இருக்கிறாள். ஒரே மகள். அங்கே தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு பையனைக் கட்டிக்கொண்டு போனாள். நல்ல பையன்தான் என்று இப்போது சொல்கிறேன், அப்போது சொல்லவில்லை. அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். நான் வேண்டாம் என்றேன், அவள் வேண்டும் என்றாள். இந்தப் பிடிவாதத்தை யாரிடம் கற்றாளோ என்று மனைவியிடம் கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதோடு நாலு வருஷம் நானும் மகளும் பேசவில்லை.

மனைவி பேசுவாள். சமையலறையில் மிக்ஸியைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்தில் வீடியோ காலில் பேசுவாள். நான் தண்ணீர் குடிக்கப் போனால் ஃபோன் மாவு டப்பாவுக்குப் பின்னால் போய்விடும். அவள் பேசுவது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அப்படி ஒரு நாள் மிக்ஸி சத்தத்துக்கு நடுவே மகள் மாசமாக இருக்கிறாள் என்று காதில் விழுந்தது. ஐந்தாம் மாசம். எங்கள் வழக்கத்தில் தலைப் பிரசவம் அம்மா வீட்டில். பிறந்த வீட்டார் போய் அழைத்துக்கொண்டு வரவேண்டும். யார் போவது?

எனக்கு அவளைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வீம்பு விடவில்லை. உடம்பை இங்கேயே படுக்கப்போட்டுவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது, மானமும் போகாது, பிள்ளையைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று. இவ்வளவுதான் என் திட்டம். வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது, நடந்தது அதுதான்.

உடம்பை விட்டு வெளியே போவதைப் பற்றி ஃபோனில் ஒரே ஒரு வீடியோ பார்த்தேன். அப்புறம் அந்த ஃபோன் எனக்கு வேறு எதையும் காட்ட மறுத்துவிட்டது. அப்படித்தான் ஆர்.எஸ்.புரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை நடக்கும் ஒரு வகுப்பு தெரியவந்தது. கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி, ஒரு ஹால், ஏழு பாய். நடத்துகிறவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார். காவி, மாலை, பட்டை ஒன்றும் கிடையாது. வெள்ளைக் காட்டன் சேலை, கையில் ஒரு ரிஜிஸ்டர். இது கூடு விட்டுக் கூடு பாய்கிற வேலைங்களா என்று கேட்டேன். அது இன்னொருவர் உடம்புக்குள் புகுவது, இது நம் வீட்டைப் பூட்டாமல் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டு வருவது மாதிரி என்றார். நம் ஸ்தூல உடம்பு தூங்கும்போது சூட்சும உடம்பு வெளியே கிளம்புமாம். கனவில் போவது அதுவேதான், ஆனால் கனவில் நமக்கு நினைவு இருக்காது. நினைவோடு போகப் பழகுவதுதான் பாடம்.

முறை சுலபம். மல்லாந்து படுத்துக்கொண்டு, விட்டத்திலிருந்து ஒரு கயிறு தொங்குவதாக நினைக்க வேண்டும். கை அசையாமல் மனசால் அந்தக் கயிற்றைப் பிடித்து, கிணற்றில் தண்ணீர் சேந்துவதுபோல இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உறுமல் வரும்போது பயப்படக் கூடாது. வெளியே வந்தபின் திரும்பிப் பார்த்தால் உடம்பையும் நம்மையும் இணைத்து ஒரு வெள்ளிக் கயிறு தெரியும், அது அறாது. போன இடத்தில், நமக்கு முன்னமே தெரியாத ஒன்றைக் கவனித்து வந்து நோட்டில் எழுத வேண்டும். எங்கே போவது என்பதை முதலிலேயே மனசுக்குள் முடிவு செய்துகொள்ள வேண்டும். என் பக்கத்துப் பாயில் படுத்த ஒரு அம்மா, குளிர்நாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, அங்கே ஒரே மழை என்று வாரா வாரம் சொல்வார். நான் எங்கே போகிறேன் என்று கேட்டதற்கு, சும்மா அப்படியே ஊரைச் சுற்றி என்று சொல்லிவைத்தேன்.

மூன்று வாரம் குறட்டைதான் வந்தது. நாலாவது ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

திரும்பிப் பார்த்தபோது வெள்ளிக் கயிறு இல்லை. எனக்கு வந்தது செம்புக் கம்பி, எனாமல் பூசியது, இருபத்தொன்று கேஜ் இருக்கும். வேலைக்காரனுக்கு வேலைதானே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாக வெளியே வந்தால் தெருவெல்லாம் வெயில். அந்த வெயில் மேலே படவில்லை, உள்ளே போய் வெளியே வந்தது. வண்டிகள் ஓடின, சத்தம் இல்லை. முழங்கால் வலியும் இல்லை. பத்து வருஷமாக ஒரு நாள் விடாமல் வலிக்கிற முழங்கால்.

பறக்கிறவன் நேராகப் பறக்க வேண்டியதுதானே? எனக்குப் பஸ் போகிற வழிதான் தெரியும். அவிநாசி ரோட்டின் மேலேயே போனேன். கருமத்தம்பட்டிப் பக்கம் தறிக் கூடங்களின் ஓட்டுக்கூரைகள் கீழே வந்தன, தறிகள் ஓடுவது மட்டும் காலில் லேசாக அதிர்ந்தது. கோழிப்பண்ணைகள் நீளநீளமாகக் கிடந்தன. தென்னந்தோப்புகள் மேலிருந்து பார்க்கக் கோலம் போட்டதுபோல இருந்தன. ஒரு குட்டையில் கொக்குகள் என்னைப் பார்க்கவில்லை. எல்லாம் மெதுவாக, அவசரமே இல்லாமல். விஜயமங்கலம் டோல்கேட் வந்ததும் நான் லாரிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். உடம்பே இல்லாதவன் டோல்கேட்டில் எதற்கு நிற்க வேண்டும்? அப்போது தோன்றவேயில்லை. முன்னால் இருந்த லாரி நகர்ந்த பிறகுதான் நானும் நகர்ந்தேன்.

அவள் வீட்டை நான் பார்த்ததில்லை. மாவு டப்பாவுக்குப் பின்னால் போகும் ஃபோனில் ஓரிரு நொடி கண்ணில் பட்டதோடு சரி. ஆனாலும் கால் தானாக அங்கே நின்றது. நீலக் கேட். உள்ளே சின்ன முற்றம், கொடியில் துணி. வாசலில் ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது, விளக்கு மாதிரி. என் மகள் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றி நிமிர்ந்தாள். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. எனக்கு அழுகை வந்தது, கண்ணீர் வர இடம் இல்லை. கேட்டுக்கு வெளியே நின்றேன். அவள் என் பக்கம் திரும்பினாள். என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நானும் திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு தடவையும் கேட் வரைக்கும்தான். நடுவில் பட்டறையிலும் மத்தியானம் படுத்துப் பார்த்தேன், அங்கிருந்தும் கேட் வரைக்கும்தான். ஒரு மோட்டாரில் மூன்று காயிலை மாற்றிக் கட்டிவிட்டேன். அது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. கொண்டுவந்த விவசாயி சிரித்துவிட்டுப் போனார். எனக்கு மனசெல்லாம் அந்தக் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தது.

எட்டாவது வாரம் அம்மையார் என் நோட்டை வாங்கிப் படித்தார். கேட், முற்றம், துணி, தொங்குகிற விளக்கு என்று திரும்பத் திரும்ப அதையே எழுதியிருந்தேன். உங்களுக்குக் கதவோ சுவரோ ஒரு தடையே இல்லை, நேராக நடந்தால் மறுபக்கம் போய்விடலாம், பின்னே ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டார்.

"யாரும் வாங்கன்னு சொல்லலைங்க," என்றேன்.

ஹாலில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். மற்ற பாயெல்லாம் சேர்ந்து சிரித்தது. எனக்குக் கோபம் மூக்குமேல் நின்றது. கூப்பிடாத வீட்டுக்குள் எப்படிங்க போவது, உடம்பு இல்லையென்றால் மரியாதையும் இல்லையா என்று கேட்டேன். பாயைச் சுருட்டினேன். அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. படிவரைக்கும் என் கூடவே வந்தார்.

"உடம்பே இல்லாமப் போய் நின்னா, உங்களை யாருங்க வாங்கன்னு சொல்லுவாங்க?" என்றார்.

கண்ணாடிக் கடைக்கு முன்னால் வண்டியை எடுக்காமல் ரொம்ப நேரம் நின்றேன். அவர் என்னைத் திட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அது நேராகப் போய், நான் நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றின் மேல் பட்டுவிட்டது. இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் இருப்பது சாதாரணக் காரியம் இல்லை. கோர்ட்டில் கேஸ் நடக்கிற பங்காளி வந்தாலும் முதலில் வாங்க, ஒரு சொம்புத் தண்ணி, அப்புறம்தான் சண்டை. ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாக் கட்சிக்கும் வாங்க. சிலிண்டர் போட வருகிறவருக்கும் வாங்க. கல்யாணம் முடிந்த எட்டாம் நாள் என் மகளும் மாப்பிள்ளையும் வண்டியில் வந்து எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றார்கள். நான் போர்டிகோவில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கேட் பூட்டவில்லை, தாழ்கூடப் போடவில்லை. ஆனால் அவள் என் மகளல்லவா, கூப்பிடாமல் உள்ளே வரமாட்டாள். நான் பேப்பரை இறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் என் மனைவி சொம்பில் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தாள், நான் ஒரு வார்த்தை சொன்னால் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று. அவள் வளையல் சொம்பில் படும் சத்தம் எனக்குக் கேட்டது. வெயிலில் அவர்கள் பத்து நிமிஷம் நின்றிருப்பார்கள். கடைசியில் என் மகள், "போயிட்டு வாரேனுங்ப்பா," என்றாள். வண்டி கிளம்பியது. மனைவி அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தாள். அன்று பேப்பரில் என்ன போட்டிருந்தது என்று எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் இல்லை.

நான் செய்தது பாவம். வேறு வார்த்தை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது எத்தனையாவது மாசம் என்று கேட்டேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. கத்தி நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஏழு முடியப்போகுதுங்க. நாம போயிக் கூப்புடாம அவளா எப்படிங்க வருவா?"

நாளைக்குப் போகிறேன் என்றேன். நானும் வருகிறேன் என்றாள். வேண்டாம், அன்று வாங்க என்று சொல்லாமல் இருந்தது நான்தானே, முதலில் நான் போய் நிற்கிறேன், அப்புறம் சேர்ந்து போகலாம் என்றேன். அவள் போய் அரிசியை ஊறப்போட்டாள். காலையில் ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயம் சுட்டு வைத்திருந்தாள், வெல்ல வாசம் வீடு முழுக்க அடித்தது. மகளுக்கு அது என்றால் உயிர். ஃபோனை மட்டும் எடுக்கவில்லை. நான் வருவதை மகளிடம் முன்னமே சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது. நான் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமாக இருக்கும். என்னை முப்பது வருஷமாகத் தெரிந்தவள்.

காந்திபுரத்தில் ஈரோட்டுப் பஸ் ஏறினேன். கனவு மாதிரியெல்லாம் இல்லை. ஜன்னலோர சீட் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் தோளில் தூங்கினார். தூக்குப்போசி மடியில் சுட்டது. நான் மேலிருந்து பார்த்த அதே ஊர்கள் இப்போது ஜன்னலில் தலைகளுக்கு நடுவே துண்டு துண்டாக வந்தன. தறிச் சத்தம் காதை அடைத்தது. டோல்கேட்டில் பஸ் நின்றபோது, இறங்கிவிடலாமா என்று நிஜமாகவே ஒரு முறை எழுந்தேன். நிற்கக்கூட இடம் இல்லாததால் உட்கார்ந்துவிட்டேன்.

பெருந்துறையில் இறங்கி, மனைவி எழுதிக் கொடுத்த விலாசத்தை ஆட்டோக்காரரிடம் காட்டினேன். வரிசையாக நாலு வாடகை வீடுகள். மூன்றாவது வீடு. கேட் நீலம் இல்லை, கறுப்பு. முற்றத்தில் கொடியே இல்லை, துணியெல்லாம் மாடியில் காய்ந்தது. வாசலில் மட்டும் ஒன்று தொங்கியது. போன கிறிஸ்துமஸுக்குக் கட்டி, அவிழ்க்காமல் விட்டுவிட்ட காகித நட்சத்திரம், வெயிலில் வெளுத்துப்போய். நான் இங்கே வந்து போனதற்கு இதுதான் ருசு என்பார் அம்மையார். ஃபோனில் கண்ணில் பட்டிருக்கும் என்று டாக்டர் சொல்வார். இரண்டு பேரும் இருக்கட்டும்.

கேட் திறந்துதான் இருந்தது. நான் வெளியே நின்றேன்.

ஆட்டோ போன சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். நைட்டி மேல் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு கை. வயிறு நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. என்னைப் பார்த்தாள். இந்த முறை என்னைத் தாண்டி ரோட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. நட்சத்திரத்துக்குக் கீழே அப்படியே நின்றாள்.

முதுகில் வெயில் அடித்தது. பஸ்ஸில் உட்கார்ந்து வந்த முழங்கால் கடுத்தது. தூக்குப்போசியின் கம்பி விரலை அறுத்தது. பத்து நிமிஷம் இப்படி நிற்பது என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்று அவளுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும். ஒரு நிமிஷத்திலேயே எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பேச வேண்டும் என்று நான் எதையெதையோ பஸ்ஸில் சேர்த்துவைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. நாலு வருஷமாகத் தொண்டைக்குள் கிடந்தது மட்டும் தானாக வெளியே வந்தது.

"வா கண்ணு," என்றேன்.

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது.

"இது என்ற ஊடுங்ப்பா. நான் எங்க வாரது?" என்றாள்.

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்துவிட்டது. மெதுவாக நடந்து வந்து, உள்ளேயிருந்து கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கனவுல நம்மூட்டுக்கு வந்துட்டேதானுங்ப்பா இருக்கறேன். கேட்டுக்கு வெளியவே நிப்பேன். நீங்க பேப்பர எறக்கி வெச்சுப்போட்டு வாயத் தொறப்பீங்க. அதுக்குள்ள முழிப்பு வந்துரும். ஒரு தடவகூட நீங்க சொல்லி முடிச்சதில்ல."

நான் இங்கே வந்து நின்றிருக்கிறேன், அவள் அங்கே வந்து நின்றிருக்கிறாள். நிஜத்தில் இரண்டு வீட்டு வாசலிலும் ஆள் இல்லை. அதை அவளிடம் இன்னொரு நாள் சொன்னேன், அன்று சொல்லவில்லை. உன்னைக் கூப்பிட்டுப் போகத்தான் வந்தேன், அம்மா கச்சாயம் கொடுத்துவிட்டிருக்கிறாள் என்று மட்டும் உளறிக்கொட்டினேன்.

"மொதல்ல நீங்க உள்ள வாங்க," என்றாள்.

கேட்டைத் தாண்டினேன். வாசலுக்கு இரண்டு படி. முழங்கால் உயிர் போகிற மாதிரி வலித்தது. அவள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவசரமாக அண்ணாந்ததில் பாதி தண்ணீர் என் சட்டையில் கொட்டியது. மீதியைக் குடித்தேன்.